லிஃப்டில் மீன்கூடை

ஜூலை 12, ஞாயிறு

திருவொற்றியூரில் புது ஃபிளாட் பார்த்தோம். புரோக்கர் நீச்சல்குளம், ஜிம் என்று ஒப்பித்தார். அர்த்தம் தெரியாமல் செய்யுள் ஒப்பிக்கும் என் வகுப்புப் பிள்ளைகளே மேல்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, மீன் வித்துட்டு கூடையோடதான் வூட்டுக்கு வருவேன். லிஃப்ட்ல வுடுவாங்களா?"

அவர் சிரித்தார். "இன்னாக்கா, இங்க வந்தும் மீன்கூடையா? லிஃப்டு நாறி கலீஜா பூடும்க்கா."

வீடு ஆறாவது மாடியில். அந்தக் கூடைதான் அதை வாங்கப்போகிறது. விடுவார்களா, மாட்டார்களா என்று விசாரித்துச் சொல்லக்கூடத் துப்பில்லாதவருக்குக் கமிஷன் எதற்கு? பால்கனியில் நின்றால் கடல் தெரியுமாம். காசிமேட்டுக்காரிக்குக் கடலைக் காட்டுகிறார்!

நாளை அட்வான்ஸ். "வேணாம்மா" என்றேன். அம்மா எழுந்து வெளியே போனாள். குழாயடியில் கூடைக்குச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறது.