இரண்டாவது கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது

மாப்ள,

இன்று காலை புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஒரு டின்னைத் திறந்தார். தீக்குச்சி மருந்தையும் அழுகின வெங்காயத்தையும் சேர்த்து நசுக்கியது போல ஒரு வாடை. அந்த வாடையோடு நீயும் வந்து நின்றுவிட்டாய், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு.

“பெரியவரே, கியர் ஆயில்னா இதான். ஜீப்புக்கும் இதான், லாரிக்கும் இதான். உங்க காருக்கு மட்டும் வானத்துலர்ந்தா வரும்?” என்றார் அவர். நான் பையிலிருந்து என் எண்ணெய் டின்னை எடுத்து வைத்தேன். “கல்யாணத்துக்கு வந்தவன் வீட்டுலர்ந்து சோறு கட்டிக்கினு வந்த மாதிரி கீதே!” என்று சிரித்தார். சிரிக்கட்டும். இந்தச் சண்டையை உன்னோடு போட்டு முடித்தவன் நான். இன்னொருவரோடு போடத் தெம்பில்லை.

நமக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரு கார் என்று முடிவானபோது ஊரே சிரித்தது. என் தங்கையைக் கட்டிக்கொண்டவன் நீ. பிச்சாட்டூர் ஏரிப் பக்கம் உன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே ஒரே வரப்பு. “டிராக்டரையே பங்கு போட்டு ஓட்னவங்க, கார் இன்னா பெருசு?” என்றாய். பழைய கார்தான். கொட்டகை என் வீட்டில் இருந்ததால் அங்கே நின்றது. சாவி ஆளுக்கு ஒன்று.

வேர்க்கடலைக்கு உழுது முடித்த சமயம் அது. டிராக்டருக்கு ஊற்றி மிச்சமிருந்த எண்ணெயைக் காரின் கியர் பெட்டியில் ஊற்றிவிட்டு வந்து நின்றாய்.

“மச்சான், ஆயில் மாத்திட்டேன். டிராக்டர் துன்றத இதுவும் துன்னட்டும்.”

“டிராக்டர் வேற, கார் வேற மாப்ள. இதுல பித்தளை வளையம் கீது.”

“உனுக்கு எதுல தான் ஒரு வளையம் இல்ல?”

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பழைய கியர் பெட்டியை வாங்கிவந்து கொட்டகையில் பிரித்துப் பரப்பி, மறுபடி பூட்டி, மறுபடி பிரித்துத் தெரிந்துகொண்டேன். நம் பழைய டிராக்டரை நிறுத்திவிட்டுத்தான் கியர் போடுவோம். காரில் ஓட ஓடப் போடுகிறோம். சுற்றுகிற இரண்டு பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்தப் பித்தளை வளையம். அது உரசிப் பிடித்தால்தான் கியர் விழும். நீ ஊற்றியது ஜிஎல் ஐந்து என்கிற ரகம். பெரிய பாரம் தாங்குவதற்காக அதில் கந்தக மருந்து அதிகம். அந்த மருந்தில் வளையம் பிடிக்காமல் வழுக்கும், நாள்பட்டால் பித்தளையையும் அரிக்கும். நம் காருக்கு வேண்டியது ஜிஎல் நான்கு, அதிலும் கொஞ்சம் மெல்லியது. காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். நீ தெலுங்குக்கு மாறினாய். கோபம் வந்தால் உனக்குத் தெலுங்குதான். “போ பாவா, நீக்கேம் தெலுசு!” போ மச்சான், உனக்கு என்ன தெரியும் என்று.

எனக்குத் தெரியும் மாப்ள. அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

பிறகு திருப்பதி மலைக்குப் போனோம். நீதான் ஓட்டினாய். ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் விழவில்லை. கறகறவென்று அரைத்தது. வண்டி நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. நீ கை பிரேக்கை இழுத்துப் பிடிப்பதற்குள் என் தங்கை கோவிந்தா கோவிந்தா என்று அலறிவிட்டாள். ஊர் திரும்பியதும், உன் அண்ணன் தம்பிகள் நிற்கும்போதே கேட்டேன்: “சாவியக் குடு. டிராக்டர் ஓட்றவன் டிராக்டர ஓட்டு.” நீ சாவியை பானட் மேல் வைத்துவிட்டு நடந்தாய்.

சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை. வண்டியில் இருந்தவள் என் தங்கை. உனக்கு அவள் பெண்டாட்டி.

திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கி, சரியான எண்ணெயை வாங்கிவந்து மாற்றினேன். சில நாள் ஓடியதும் இரண்டாவது கியர் விரலால் தள்ளினாலே விழுந்தது. தங்கையிடம் சொல்லி அனுப்பினேன்: “வந்து ஒருவாட்டி ஓட்டிப் பாக்கச் சொல்லு.” நீ சொல்லி அனுப்பியது: “அவன் வண்டி, அவனே ஓட்டட்டும்.” அதற்குப் பிறகு வயலுக்குப் போகும்போதுகூட என் வாசலைத் தவிர்த்து ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாய். வருவாய் என்றுதான் நான் காத்திருந்தேன். ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டுப் பார்த்து, “சரி, உடு மச்சான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு வாய் வரவில்லை. எனக்கும் உன் வாசலுக்கு வரக் கால் வரவில்லை.

அப்புறம் அந்தக் காலை. உனக்கு நெஞ்சில் பாரம் என்று தங்கை பதறியிருக்கிறாள். “அண்ணனக் கூப்புடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள். “வாணாம், பஸ் வந்துடும்” என்றாயாம். பஸ் என் வீட்டு முன்னால்தான் போனது. நான் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. தினம் போகிற பஸ்தானே.

நீ என்னைப் பார்த்தாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கை சொன்னாள். “ஜன்னலாண்ட உக்காந்துகினு உன்னக் காட்டினாரு அண்ணே. ‘பாரேன், தேச்சுத் தேச்சே வண்டியக் கரைச்சுடுவான்’னு சிரிச்சாரு.” புத்தூர் தாண்டியதும் அவள் தோளில் சாய்ந்திருக்கிறாய். வடமாலபேட்டையில் பஸ் நின்று நின்று ஆள் ஏற்றியிருக்கிறது. திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கும்போது உயிர் இல்லை.

என்மேல் உனக்குக் கோபம் இருந்திருக்கலாம். சிரித்தாயே, அது எப்படி? கோபத்தோடு போயிருந்தால் நானும் கோபத்தோடு இருந்துவிடுவேன். ஜன்னலில் கை நீட்டித் தட்டி “மச்சான்” என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், ஈரக் கையோடு வண்டியை எடுத்திருப்பேன். எங்கேயும் நிற்காமல் கொண்டுபோயிருப்பேன். இது நீ எனக்குச் செய்த அநியாயம். எண்ணெய் விஷயத்தில் தோற்றவன் நீ. ஆனால் தண்டனை எனக்கு.

இப்போதெல்லாம் தங்கையைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு திருப்பதி போகிறேன். ஒவ்வொரு முறையும் வடமாலபேட்டைக்கு முன்னால் நீ போன அந்த பஸ் வந்து மாட்டிக்கொள்கிறது. சாலை காலியாகத்தான் இருக்கும். “முந்திக்கினு போண்ணே, நேரமாவுது” என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வதில்லை. என்னால் அதை முந்த முடியவில்லை மாப்ள. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத் தெரிகிற தலைகளைப் பார்த்தபடியே போகிறேன். பஸ் ஆள் ஏற்ற நிற்கிறது. அதன் பின்னால் நானும் நிற்கிறேன். அது கிளம்பினால் நானும் கிளம்புகிறேன்.