தொண்டைக்குள் வந்த சக்களத்தி

மாமா,

இன்று சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்துவிட்டேன். செம்மங்குப்பம் தாண்டியும் மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வந்தேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்தச் சனியன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை.

பின்னே என்ன? காலையில் கண் விழித்ததும் உங்கள் கை என்னையா தேடியது? பீடிக்கட்டைத்தானே! சுனாமிக்கு அடுத்த வருஷம் வாங்கிய, மீன் ஏற்றும் ஐஸ் வண்டியில் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட் வரைக்கும் கன்னத்தில் புகையிலை. வீட்டுக்கு வந்தால் குவார்ட்டர். "எனக்கு மூணு சக்களத்தி" என்று கத்துவேன். "போடி, அதுங்களாவது வாயத் தொறக்காம கெடக்குதுங்க" என்று சிரிப்பீர்கள்.

தொண்டை கட்டியபோது ஐஸ் காற்றுதான் காரணம் என்றீர்கள். நானும் நம்பி மிளகுக் கஷாயமாக வைத்துக் கொடுத்தேன். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"பொகையிலையும் குடியும் சேந்தா தொண்டைக் கேன்சருக்கு ஆபத்து ரொம்ப ஜாஸ்திம்மா. சில பேருக்கு ஒரு வைரஸாலயும் வரும். ஆம்பள பொம்பள உறவுல தொத்துறது. நெறைய பேருக்கு வந்து தானா போயிடும். சில பேருக்கு வருஷக்கணக்கா உள்ளயே கெடக்கும். யாருகிட்டேர்ந்து வந்துதுன்னு சொல்ல முடியாது."

சொல்ல முடியாது என்றது என் காதில் ஏறவேயில்லை. யாரிடமிருந்து என்பது மட்டும் ஏறியது. மார்க்கெட்டில் உங்களை 'அண்ணே' என்று கூப்பிட்ட பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக என் கண்முன் வந்து நின்றார்கள். கட்டி கரையக் கழுத்துக்கு ரேடியேஷன் கரண்ட் வைத்த நாட்களிலும் உங்களை விட்டேனா? கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன்.

"யாரு மாமா அவ?"

ஒருநாள் சொல்லிவிட்டீர்கள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தி. அவ்ளோதான்."

"பேரு?"

"வேணாம்டி. அவ எங்கியோ புருஷன் புள்ளையோட இருக்கா."

எவ்வளவு கெஞ்சியும் பெயரை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் மூச்சு முட்டியது. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதோடு பேச்சும் போயிற்று.

உங்களைக் கொண்டுபோனது பீடியா, புகையிலையா, குடியா, அந்த வைரஸா, எனக்குத் தெரியாது. இப்போது மார்க்கெட்டில் எவனாவது வாரக்கணக்காகத் தொண்டை கரகரக்கப் பேசினால், "கஷாயம் குடிச்சிட்டுக் கெடக்காத, போய்க் காட்டுடா" என்று விரட்டுகிறேன். அபசகுனமாகப் பேசுகிறாள் என்று கெட்ட பேர்தான் மிச்சம், போகட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் ஆறவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு 'இந்தாடி'தான். உங்களிடம் மிச்சமிருந்த குரலை அவள் பெயரைக் காப்பாற்றச் செலவழித்தீர்களே மாமா. அதில் ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?