பாதி உப்புக் கூழ்

இன்றைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் நான்கு இட்லி வாங்கினேன். சாம்பாரில் தொட்டு முதல் வாய் வைத்ததும் உப்புக் கரித்தது. தட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். ஒரு கண்டக்டர், கைக்குழந்தையோடு ஒரு பெண், காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். எல்லோரும் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தப்பு வண்டிக்காரர் மேல் இல்லை, உன் மேல். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். படிப்பதற்கு நீ இல்லை என்பது தெரியும். இருந்த காலத்திலும் சினிமா போஸ்டர் தவிர நீ எதையும் படித்ததில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். உப்பளம் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தது. நீ பாத்தியில் உப்பு வாருவாய், நான் கொட்டகையில் மூட்டை தைப்பேன். விடியும்போதே இறங்கி, பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுவோம். அதற்கு மேல் அந்த வெள்ளை வெளியில் கண்ணைத் திறக்க முடியாது. கரையேறியதும் நேரே போவது, ஈசிஆர் ரோட்டோரம் புங்க மரத்தடியில் நிற்கும் அஞ்சலை அக்காவின் வண்டிக்கு. நாம் அவளை அக்கா என்போம். அவள் நம்மை அண்ணா என்பாள். யார் மூத்தவர் என்று மூன்று பேருமே கேட்டுக்கொண்டதில்லை.

மூன்று ரூபாய்க்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ். அந்த விலைக்கே தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், வெங்காயம், மாங்காய்ப் பத்தை, கடுகு தாளித்து வறுத்த சென்னாக்குன்னி. அந்தப் பொடி இறாலை நீ வெங்காயத்தோடு சேர்த்துக் கடித்துக் கண்ணை மூடிக்கொள்வாய். மேலே இரண்டு மசால்வடை வாங்கினால் ராஜா சாப்பாடு. கூழ் தொண்டையில் இறங்கும்போதுதான் காலில் உப்பு அறுத்த இடமெல்லாம் எரிகிறது என்றே நமக்குத் தெரியவரும். அதுவரைக்கும் பசி எதையும் தெரியவிடாது.

வண்டியின் மூலையில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. அஞ்சலை அக்கா காசு கொடுத்து உப்பு வாங்கியதே கிடையாது. அளத்து ஆட்கள் துண்டு முனையில் ஒரு பிடி முடிந்து வந்து ஜாடியில் கொட்டுவார்கள். அக்கா ஏற்கெனவே உப்புப் போட்டுத்தான் கரைத்திருப்பாள். இருந்தாலும் ஆளாளுக்கு ஜாடியிலிருந்து அள்ளி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார்கள். நீ அள்ளுவதைப் பார்த்தால் வெளியூர்க்காரன் பயந்துவிடுவான்.

"வேர்வையில போனத திருப்பி வெக்கிறேன்டா. கடன் இல்ல பாரு" என்பாய்.

தின்பதில் உனக்கு இருந்த பக்தி சாமி விஷயத்தில் இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெருமுக்கல் போனோமே. மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்து சாப்பிடலாம் என்று நான் சொன்னேன். அடிவாரத்தில் ஒருவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து போண்டா அரித்து எடுத்துக்கொண்டிருந்தார். "சாமி எங்கயும் போவாது. போண்டா ஆறிடும்" என்று வண்டியை நிறுத்திவிட்டாய். ஆளுக்கு ஆறு தின்றோம். அதற்குப் பிறகு மலை ஏற முடியவில்லை. கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அந்த வருஷம் வெயில் ஏறிய மாதத்தில்தான் கொட்டகையில் டாக்டர் வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். நம் இரண்டு பேருக்குமே அதிகம் என்றார். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். "சார், நாங்க உப்பு மேலயே நிக்கிறோம். எந்த உப்ப கொறைக்கிறது?" என்று நீ கேட்டாய். கொட்டகையே சிரித்தது, டாக்டரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

உன் அண்ணன் இதே பிரஷரில் பாத்தியில் விழுந்தவர். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டு மூன்று வருஷம் கட்டிலில் கிடந்தார். நீதான் தூக்கி உட்கார வைத்து ஊட்டிவிடுவாய், துடைத்துவிடுவாய். அவர் போன அன்றைக்கு, "போறதுன்னா ஒரேடியா போயிடணும்டா. இப்டி கட்டில்ல மட்டும் கெடக்கக் கூடாது" என்று சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவேயில்லை. எனக்கு அது மறக்கவும் இல்லை. டாக்டர் உன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது எனக்குக் கண்முன் தெரிந்தது அந்தக் கட்டில்தான்.

உன்னிடம் சொன்னால் கேட்கிற ஆளா நீ? உன் வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று நீயே புலம்பினாய். என் வீட்டிலும் அதே கதை. வண்டி ஒன்றுதான் நமக்கு மிச்சம். அங்கேயும் நான் வாயைத் திறந்தால் நீ வேறு வண்டி பார்த்துப் போய்விடுவாய். அதனால் இரண்டு நாள் கழித்து, நீ வருவதற்கு முன்னால் தனியாக அக்காவிடம் போனேன்.

"அக்கா, அவனுக்கு மட்டும் உப்பு பாதியா போட்டுக் கரைங்க. ஜாடிய எங்கனா எடுத்து வெச்சிடுங்க. நான் சொன்னேன்னு தெரியக் கூடாது" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செரிண்ணா, செரி. போங்க" என்றாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் கூட வந்தது.

மறுநாள் ஜாடி இல்லை. கை தவறி உடைந்துவிட்டது என்றாள். மோர் மிளகாய் தீர்ந்துவிட்டது என்றாள். சென்னாக்குன்னியை உப்புப் போக மூன்று தண்ணீர் அலசி வறுத்திருந்தாள். கூழை வாயில் வைத்தேன், சப்பென்று இருந்தது. இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கரைக்கச் சோம்பல்பட்டு ஒரே கையாகக் கரைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் முகத்தைச் சுளித்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். உனக்காக இதைக் கூடவா குடிக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

"எப்டிடா இருக்குது?" என்று கேட்டாய்.

"கரெக்டா இருக்குது. உனக்கு?"

"எனக்கும் கரெக்டா இருக்குது" என்று சொன்னாய். ஏமாந்துவிட்டான் பாவி என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

பிரம்மதேசத்து லாரி டிரைவர் ஒருவர் வந்த நாளை மறக்க முடியுமா? அக்கா உனக்குக் கரைத்து வைத்த சொம்பை அவசரத்தில் அவர் எடுத்துக் குடித்துவிட்டார். குடித்தவர் அப்படியே துப்பினார். "இன்னாக்கா இது! உப்பு வெளையிற ஊர்ல வந்து உப்பில்லாத கூழா குடிக்கணும்?" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான், நீ துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாய்.

"யோவ், நாக்கு செத்துப் போச்சா உனக்கு? நாங்க அளத்துல வேல செய்றவங்க. உப்பப் பத்தி எங்களுக்கே சொல்றியா?"

நானும் விடவில்லை. "டீசல் மோந்து மோந்து நாக்கு போயிருக்கும். வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அந்த மனிதர் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மீதியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். உப்பு அளத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் உப்பில்லாத கூழுக்காக ரோட்டில் நின்று சண்டை போட்டதை அவர் ஊரில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், உதட்டோரம் ஒரு சிரிப்போடு. அந்தச் சிரிப்புக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. மூன்று ரூபாய்க் கூழ் இருபது ரூபாய் ஆகிவிட்டது. புங்க மரத்தை ரோடு அகலப்படுத்த வெட்டினார்கள், அக்கா ஒரு தகரக் கூரை போட்டுக்கொண்டாள். அளம் ஓடும் மாதங்களில் நாம் போய் நிற்பது மட்டும் நிற்கவில்லை. தினம் நீ கேட்பாய், தினம் நான் கரெக்டா இருக்குது என்பேன்.

போன மாசியில் நீ போனாய். அளத்திலிருந்து நடந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் ஒரு நாள் கூடக் கிடக்கவில்லை. அதற்கு மாத்திரை காரணமா, கூழ் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. நீ கேட்டபடி கிடைத்தது, எனக்கு அது போதும். ஆனால் கோபம் இன்னும் தீரவில்லை. இவ்வளவு அவசரம் என்னடா உனக்கு?

காரியம் முடிந்த மறுநாள் அக்காவிடம் போனேன். "அக்கா, இனிமே உங்களுக்கு அந்தத் தொல்ல இல்ல. எனக்கு நல்லா உப்பு போட்டே கரைச்சிக் குடுங்க" என்றேன்.

அக்கா கையில் அள்ளிய உப்போடு அப்படியே நின்றாள்.

"எப்டி சொல்றதுன்னு தெர்லண்ணா. உங்களுக்கும் தனியா பாதிதான் போட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து கேட்டீங்களே, அதுக்கு மொத நாளே அவரு வந்தாரு. 'அவன் கோவக்காரன்க்கா, பிரஷர் ஏறுனா தாங்க மாட்டான். பாதியா போடுங்க, நான் சொன்னேன்னு தெரியக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் நீங்க வந்து அதையே சொல்றீங்க. நான் யார் கிட்ட போயி சொல்றது?"

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்திருக்கிறோம். ஏமாந்துவிட்டான் பாவி என்று நீயும் தினம் சந்தோஷப்பட்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அந்தப் பக்கம் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று கூடத் தோன்றவில்லை.

அக்கா உப்பு அள்ளிய கையைக் காட்டி, "இப்ப சொல்லுங்கண்ணா. முழுசா போட்டுடவா?" என்று கேட்டாள்.

"வேணாங்க்கா. அவன் சொன்ன அளவே போடுங்க" என்றேன்.

அதைத்தான் இன்றைக்கும் குடிக்கிறேன். திண்டிவனத்தில் சாம்பாரை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் இட்லியைத் தின்று முடித்தேன். வண்டிக்காரர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, சாம்பார் நல்லால்லையா?" என்று கேட்டார்.

"கரெக்டா இருக்குதுங்க" என்றேன்.