மாப்பிள்ளை முங்க, எனக்கு மூச்சு முட்ட

1946 பிப்ரவரி 4, திங்கள்
வாடை ஓய்ந்தது. கடல் தெளிவு. நல்ல சங்கு. மாப்பிள்ளை அந்தோணி சங்கெடுக்க முங்க, தோணியில் அவன் இடுப்புக் கயிறு என் கையில். எங்கள் கரையில் மச்சான் தவிர வேறு ஆளிடம் கயிறு கொடுக்க மாட்டார்கள். தங்கை தாலி என்ற பயம் இருந்தால்தானே பிடி தளராது?

மத்தியானம் மறுபடியும் படபடப்பு, தலைசுற்றல். சோறு இறங்கவில்லை.
வாங்க: சுக்கு, மண்ணெண்ணெய்.

5, செவ்வாய்
கடலுக்குப் போகுமுன் கம்பவுண்டர் அண்ணாச்சியிடம். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். "ஆளு கல்லு மாதிரி இருக்கீரு. மனசுலதான் பாரம். கவலைய விடும்வே!"

எங்கே விட? அடியில் ஒருத்தன், வீட்டில் தங்கை மரியம்மைக்கு ஏழு மாதம். நான் மயங்கி விழுந்தால் யார் இழுப்பது? கயிறு பிடிக்க வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடலாமா? சீ, வெட்கக்கேடு.

கஷாயம் ஒரே கசப்பு.

7, வியாழன்
அட! நோய் பிடிபட்டது. சுக்கான் பிடிக்கிற ஆள் கத்தினான்: "ஏலே, அவன் முங்குனா நீ எதுக்குலே கன்னத்த உப்பிக்கிட்டு நிக்க?"

மெய்தான். அவன் அடியில் மூச்சை அடக்க, மேலே நானும் அடக்குகிறேன்! ஒரு நாளைக்கு நாற்பது தரம், தண்ணீர் படாமல். தோணியே சிரித்தது, எனக்கும் அடக்க முடியவில்லை.

அடுத்த தரம் மூச்சை அடக்காமலிருக்க மூன்று செபம் சொல்லிப் பார்த்தேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், வீண். பிறகு தங்கையின் சாளை மீன் குழம்பை வாய்விட்டு வையத் தொடங்கினேன். மூச்சு தானாக வந்து போயிற்று. வைவதற்கு விஷயம் ஏராளம்.

9, சனி
நேற்றும் இன்றும் படபடப்பு இல்லை. இரண்டு கும்பா சோறு. கரையேறியதும் மாப்பிள்ளையிடம் எல்லாம் சொன்னேன், கயிற்றை விட நினைத்தது உட்பட.

"தெரியும் மச்சான். கயிறு கிடந்து நடுங்கும். மேல நீரு விழுந்துருவீரோன்னு சங்க விட்டுட்டு ஏறிருவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் என்னை நினைத்தா பாதியில் வந்தான்? "பாவி, சொல்லித் தொலைக்கதுக்கு என்ன? முந்தாநேத்து குழம்ப வையத் தொடங்குனப்போ நான் நல்லாத்தான இருந்தேன், பெறகு எதுக்கு மொத தரம் அவ்வளவு சீக்கிரம் வந்த?"

"அந்தத் தரம் கயிறு ஆடவே இல்ல. மேல ஆளு இருக்கீரான்னு பயந்துல்லா ஓடி வந்தேன்!"