ஆறு மணி விளக்கு

11 நவம்பர் 2024, திங்கள்

நேற்று திருப்பதி ஆஸ்பத்திரியில் ஹரிதாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பெண். இரண்டு மாதத்துக்கு மேல் முந்திக்கொண்டாள். ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மனைவி கோவிந்தம்மாள் மகளோடு அங்கே. நான் நகரியில், இரண்டு விசைத்தறிகளோடு.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்தாள். குழந்தையைப் பற்றிச் சொல்வாள் என்று பார்த்தால், "இன்னாங்க, விளக்கு ஏத்துனீங்களா?" என்றாள். முப்பது வருஷமாக அவள் ஏற்றுகிற விளக்கு. நான் தொட்டதுகூட இல்லை. ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

12 நவம்பர்

விளிம்பு வரை எண்ணெய் ஊற்றினேன். திரி மூழ்கிப்போனது. எட்டு தீக்குச்சி வீண்.

14 நவம்பர்

பஞ்சுத் திரி தீர்ந்துவிட்டது. நெசவுக்காரன் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? தறியிலிருந்து ஒரு பிடி எடுத்து முறுக்கிப் போட்டேன். குப்பென்று பற்றி, உருகி, ஒரே கறுப்புப் புகை. சாமி படத்துக்கெல்லாம் மீசை.

சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். "பாலியஸ்டர்ல விளக்கு ஏத்துன ஆளு நீங்க ஒருத்தர்தான். நூலோடவே இருந்துக்கினு, பருத்தி எதுன்னு தெரியலியா?"

ஐந்து நாளில் முதல் சிரிப்பு. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

18 நவம்பர்

விளக்கு படபடவென்று தெறித்தது. போனில் அவளிடம் சொன்னேன். "கழுவிட்டு ஈரத்தோட வச்சீங்களா? நல்லா தொடச்சி, காய வச்சி, அப்பால எண்ணெய ஊத்துங்க. ரெண்டு திரிய ஒண்ணா முறுக்கிப் போடுங்க. கொஞ்ச நேரம் ஊறட்டும். அவசரப்பட்டா திரிதான் கருகும்."

அப்படியே செய்தேன். சுடர் அசையாமல் நின்றது. எரிவது திரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, எண்ணெய். நூல் வழியாக ஏறி வருகிறது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால் உறிஞ்சுமே, அதே கதைதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

26 நவம்பர்

வாயால் ஊதி அணைத்ததை உளறிவிட்டேன். நல்ல திட்டு. திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட வேண்டுமாம். அதற்கென்று அவள் ஹேர்பின் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

1 டிசம்பர், ஞாயிறு

திருப்பதி போய் வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி. மூக்கில் குழாய். கை என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. கோவிந்தம்மாள் வார்டு வாசலில் நாற்காலியில் இருந்தாள். இளைத்துவிட்டாள்.

ஹரிதா என்னிடம் தனியாகச் சொன்னாள். "நைனா, அம்மா நாள் பூரா யார்கிட்டயும் பேசறதில்ல. ஆறு மணி ஆனா போன எடுத்துக்கினு மாடிப்படிக்குப் போயிடுது. உங்ககிட்ட விளக்கப் பத்தி பேசும்போது மட்டும்தான் அதுக்கு மூச்சு வருது."

நானோ, சாமிக்காகத்தான் இவ்வளவு விசாரணை என்று நினைத்திருந்தேன்.

2 டிசம்பர்

இன்று விளக்கு அருமையாக எரிந்தது. புகைகிறது என்று சொன்னேன். கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள்.

13 டிசம்பர், கார்த்திகை தீபம்

தெரு முழுக்க விளக்கு. ஆறு ஆகியும் போன் வரவில்லை. ஆறரை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. இன்னா ஆச்சோ. பஸ் பிடிக்கலாமா? எழுந்து எழுந்து போய் எண்ணெய் ஊற்றினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஏழரைக்கு மாப்பிள்ளை வெங்கட் பேசினார். குழந்தைக்கு மூச்சு விட்டுவிட்டு வந்ததாம். இப்போது சீராகிவிட்டதாம். போனை அவளிடம் கொடுத்தார்.

"வாசல்ல பதினோரு விளக்கு வச்சிருக்கேன். ஒண்ணும் புகையல, ஏம்மே" என்றேன்.

அழுதாள். அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

29 டிசம்பர்

ஒரு கிலோ எண்ணூறு. குழாயை எடுத்துவிட்டார்கள்.

16 ஜனவரி 2025, வியாழன்

எல்லோரும் நகரிக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பால் குடித்த குழந்தையை முதுகில் தட்டி ஏப்பம் விடவைக்க ஊரிலேயே கோவிந்தம்மாளுக்கு மட்டும்தான் தெரியும் போல. யார் கையிலும் தருவதில்லை.

ஆறு மணிக்கு விளக்கைத் துடைத்து அவள் முன்னால் வைத்தேன்.

"நீங்களே ஏத்துங்க. எனக்கு ஏது நேரம்?" என்றாள்.

ஏற்றினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.