அரசர் பிறந்தநாளில் பின்னிய தலை

அன்பின் சுபேசன்,

அங்கே வெஸ்ட்லி வீட்டில் உங்கள் முதுகுவலி குறைந்ததா? மகள் தர்மிகாவின் இருமல் விட்டதா? இந்த செயின்ட் ஹெலினாத் தீவு ஆஸ்பத்திரியில் தாதி வேலை நன்றாகப் போகிறது; எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று இங்கே பிரித்தானிய அரசரின் பிறந்தநாள் அணிவகுப்பு. சாரணர் சிறுமி ஒருத்தியின் கூந்தல் காற்றில் அவிழ்ந்துவிட, நான்தான் ஓடிப்போய்ப் பின்னிவிட்டேன். பெருமையோடு தர்மிகாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அம்மா, பக்கத்து வீட்டு இந்துஜா அன்ரி உங்களைவிட வடிவாய்ப் பின்னுவா. ஒவ்வொரு நாளும் அவதான் பின்னிவிடுறா," என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாளை முதல் நீங்களே பின்னிவிடுங்கள். கோணல் பின்னலோடு பள்ளிக்கூடம் போனாலாவது என்னைத் தேடுவாள்.

வார்டில் கூப்பிடுகிறார்கள். இந்துஜாவுக்கு என் நன்றி. இந்த வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மயூரா