மூலையில் ஒரு புள்ளி

என்னங்க,

நீங்க, மாமா, பாப்பா எல்லாரும் சுகம்தானே? மாமா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாரா? நான் நல்லா சாப்பிடுறேன், தூங்குறேன். கவலை வேண்டாம்.

இங்க துணிக் கம்பெனியில ஒரு கூத்து. சட்டை அடுக்குறப்போ அளவு மாறிப்போற தப்பு கூடிப்போச்சாம். புள்ளியியல் படிச்சவளாச்சேனு மேனேஜர் என்னையே கணக்குப் போடச் சொன்னார். போன வாரம் யார் எத்தனை தடவை வீட்டுக்குப் போன் பேசினாங்க, எத்தனை தப்பு பண்ணினாங்கனு வரைபடத்துல ஆளுக்கொரு புள்ளி வெச்சேன். ஒட்டுறவுக் கெழு 0.8. ஒண்ணு கூடினா மத்ததும் பெரும்பாலும் கூடுது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். மனுஷன் குதிச்சார்: "பார்த்தியா, எல்லாம் போன் பேச்சாலதான்! போனையெல்லாம் பூட்டி வெச்சிடலாம்."

"சார், இருமலும் காய்ச்சலும் சேர்ந்துதான் வருது. வாயைப் பொத்தினா காய்ச்சல் இறங்குமா? ரெண்டுக்கும் பின்னாடி வேற ஒண்ணு இருக்கும்"னேன்.

"என்ன அது?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பேச்சை மாத்திட்டேன். போனைப் பூட்டுறதா வேண்டாமானு திங்கள்கிழமை முடிவு சொல்றாராம். எனக்கு இருப்பே கொள்ளலை.

பாப்பா பாதத்தைத் தாள்ல வெச்சு வரைஞ்சு அனுப்புங்க, செருப்பு வாங்கணும். அவளுக்கு ஜுரம் எவ்வளவுனு போன வாரம் மாதிரி குறைச்சுச் சொல்லாதீங்க, எனக்கு வேலையே ஓடலை.

மணி அடிச்சிருச்சு, ஓடணும். ஒண்ணு மட்டும். படத்துல மேல் மூலையில ஒரு புள்ளி தனியா நின்னுச்சு: எல்லாரையும் விட அதிக போன், அதிக தப்பு. "யாரும்மா இது?"னு கேட்டார். "பார்த்துச் சொல்றேன் சார்"னேன்.

நான்தாங்க அது.